சின்னத் தீவு நாட்டில் எதிர்க்கட்சி அரசியல் செய்வது எப்படி? சீஷெல்ஸில் ஒரு பாதிரியார் போன வழி

இந்தியப் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரைக்குக் கிழக்கே இருக்கிற சீஷெல்ஸின் ஜனத்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி அளவு. அங்கே வேவல் ராம்கலாவன் என்கிற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1998, 2001, 2006, 2011, 2015 என்று ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்றார். ஆறாவது முறை, 2020 அக்டோபரில், 54.9 சதவீதம் வாங்கி ஜெயித்தார். 1977-இல் இருந்து ஒரே கட்சியின் கையில் இருந்த ஆட்சி அப்போதுதான் கை மாறியது. 2025-இல் மறுபடியும் தோற்றார்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஓர் இடத்தில் எதிரணியில் நிற்கப் போகிறவர்களுக்கு இவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதனால் இதை ஒரு செய்முறைக் குறிப்பாகவே எழுதுகிறேன். ராம்கலாவனின் முன்னோர் பீகாரின் கோபால்கஞ்ச் பக்கத்திலிருந்து போனவர்கள், ஆனால் இந்தக் கதைக்கு அது முக்கியமே இல்லை. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருக்கிற நாட்டில் சின்னதொரு திருச்சபையைச் சேர்ந்த பாதிரியார், இந்திய வம்சாவளி, இப்படி இருந்தும் ஜெயித்தார். சாதி, மதக் கணக்கு போட்டே தேர்தலைப் பார்த்துப் பழகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் எதிராளி யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆளும் கட்சி என்ன தப்பு செய்கிறது என்பது சின்ன ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. அமைச்சரின் மச்சானுக்கு எந்த டெண்டர் போனது என்று மீன் சந்தையிலேயே பேசிக்கொள்வார்கள். ஆகவே ஊழலை அம்பலப்படுத்திவிட்டால் ஓட்டு தானாக வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். மக்களுக்குத் தெரியும், தெரிந்தும் உங்களுக்கு ஓட்டுப் போடமாட்டார்கள், ஏனென்றால் பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1976 ஜூன் 29-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அதிபர் ஜேம்ஸ் மன்ச்சம், பிரதமர் பிரான்ஸ்-ஆல்பர்ட் ரெனே. ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1977 ஜூன் 5-ஆம் தேதி, மன்ச்சம் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த நேரத்தில், ரெனேயின் ஆட்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அப்புறம் நாடு ஒரு கட்சி நாடானது. அரசுதான் பெரிய முதலாளி, வீடு ஒதுக்குவது அரசு, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க அனுப்புவது அரசு, வெளியிலிருந்து வருகிற சரக்கில் பெரும்பகுதி அரசின் வணிக வாரியம் வழியாகத்தான் வர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் நேற்று சாயங்காலம் யார் கூட்டத்தில் நின்றீர்கள் என்பது இன்று காலை மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். நாடு கடந்து போய் எதிர்ப்பை நடத்திய ஜெரார்ட் ஹோரோ 1985 நவம்பரில் லண்டனில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வெளியே போனாலும் பாதுகாப்பில்லை என்றால் உள்ளே இருப்பவர் என்ன நினைப்பார்?

எனவே உங்கள் மொத்த அரசியல் வாழ்க்கையின் வேலை ஒன்றுதான்: உங்களுக்கு ஓட்டுப் போடுவதால் கெட்டது எதுவும் நடக்காது என்ற நம்பிக்கையை ஒவ்வொரு வீடாக உண்டாக்குவது. கீழே வருகிற எல்லாமே இதற்காகத்தான்.

சம்பளம் யாரிடமிருந்து வருகிறது?

அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டு எதிர்க்கட்சி நடத்த முடியாது, அரசு ஒப்பந்தத்தில் பிழைப்பவராலும் முடியாது. கட்சி தொடங்குவதற்கு முன்னாலேயே ஆட்சியாளர் கை வைக்க முடியாத ஒரு பிழைப்பைத் தேடிக்கொள்ளுங்கள். தீவு நாடுகளின் எதிர்க்கட்சித் தலைவர்களில் வக்கீல்களும் பாதிரிமார்களும் தனி மருத்துவம் பார்க்கிற டாக்டர்களும் அதிகமாகத் தெரிவது தற்செயல் இல்லை.

ராம்கலாவனுக்குத் திருச்சபை இருந்தது. அதில் பிழைப்போடு இன்னொரு வசதியும் உண்டு: வாராவாரம் ஜனங்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு கட்சி ஆட்சி உச்சத்தில் இருந்த 1990-இல், வானொலியில் போன பிரசங்கம் ஒன்றில் அந்த ஆட்சி முறையையே கேள்வி கேட்டார். தேவாலயத்தில் இருப்பவரை எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போனார் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா. 1991-இல் பல கட்சி முறைக்கு அனுமதி வந்த காலத்தில், நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய பார்ட்டி செசெல்வா தயாராக இருந்தது.

ஊரை விட்டுப் போகாதீர்கள், போனால் சீக்கிரம் திரும்புங்கள்

மன்ச்சம் 15 வருஷம் லண்டனில் இருந்துவிட்டு 1992-இல் திரும்பினார். நாட்டின் முதல் அதிபர், எல்லோருக்கும் தெரிந்த முகம், 1993 தேர்தலில் 36.7 சதவீதம் வாங்கினார். அடுத்த தேர்தலில், 1998-இல், அது 13.8 சதவீதமாகச் சுருங்கியது. இடையில் அவர் சமரசம், தேசிய ஒற்றுமை என்று பேசி ரெனே அரசோடு நெருங்கிப் போனார். அவர் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன், நாட்டுக்கு அது ஓரளவு தேவையாகவும் இருந்தது. ஆனால் பதினைந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தவர்களுக்குத் தங்கள் கோபத்தைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது, அந்த ஓட்டு பாதிரியாரிடம் போய்விட்டது. எதிர்க்கட்சியாக இருந்துகொண்டே ஆளும் கட்சிக்குத் தோழனாகத் தெரிந்தால், உங்கள் இடத்தில் உட்கார இன்னொருவர் வருவார்.

சின்னக் கதவு வழியாக நுழையுங்கள்

அதிபர் பதவியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டமன்றத்தைக் கோட்டை விடுகிற தப்பைப் பலர் செய்கிறார்கள். சீஷெல்ஸ் சட்டமன்றத்தில் தொகுதி உறுப்பினர்கள் போக, மொத்த ஓட்டில் ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் ஓர் இடம் என்று கட்சிகளுக்குக் கூடுதல் இடங்கள் கிடைக்கும். ஒரு தொகுதியில்கூட ஜெயிக்க முடியாத கட்சிக்கு அதுதான் உயிர். 1993-இல் மூன்று சின்னக் கட்சிகள் சேர்ந்து ஒன்றுபட்ட எதிர்க்கட்சி என்ற பெயரில் நின்றன. கிடைத்தது ஒரே ஓர் இடம். அதில் போய் உட்கார்ந்தவர் ராம்கலாவன்.

ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஐந்து வருஷம் கேள்வி கேட்டார். 1998-இல் ரெனேயைத் தோற்கடிக்க முடியவில்லை, கிட்டவே போகவில்லை, 19.5 சதவீதம்தான். ஆனால் மன்ச்சத்தைத் தாண்டிவிட்டார். அந்த வருஷம் எதிர்க்கட்சித் தலைவர் பதவி வந்தது, அந்தப் பதவிக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே இடம் உண்டு. பதவி வந்ததும் பேசுவதற்கு முறையான மேடை வந்தது, அரசு விழாவில் நாற்காலி வந்தது, வெளிநாட்டுத் தூதர்கள் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஆகவே முதல் பத்து வருஷத்துக்கு உங்கள் குறி இரண்டாம் இடம்தான். மூன்றாம் இடத்தில் இருப்பவருக்கு ஓட்டுப் போடுவது வீண் என்று மக்கள் நினைப்பார்கள், இரண்டாம் இடத்துக்கு வந்தவுடன் அதே மக்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். 2001-இல் அவருக்கு 44.9 சதவீதம். மூன்றே வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல்.

குரல், அதற்குக் கொடுக்கிற விலை

வானொலியும் தொலைக்காட்சியும் அரசிடம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். எதிர்க்கட்சிப் பக்கம் இருந்த ரெகார் வாரப் பத்திரிகை அவதூறு வழக்குகளில் பெரிய தொகைகள் கட்ட வேண்டி வந்து 2006-இல் நின்றுபோனது. சொந்தப் பத்திரிகை நடத்துவதென்றால் அச்சுக்குப் போகுமுன் வக்கீல் ஒருவர் ஒவ்வொரு வரியையும் படிக்கட்டும், ஆதாரத் தாள் கையில் இல்லாத எதையும் போடாதீர்கள், சொத்து எதையும் பத்திரிகையின் பெயரில் வைக்காதீர்கள். எவ்வளவு உண்மையாக இருந்தாலும் நிரூபிக்க முடியாத ஒரு பத்தி பத்து வருஷ உழைப்பை விழுங்கிவிடும்.

அதே 2006 அக்டோபர் 3-ஆம் தேதி, கட்சிகள் வானொலி நடத்தக் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்துச் சட்டமன்றத்துக்கு வெளியே கூடியவர்கள் மேல் போலீஸ் பாய்ந்தது. எதிர்க்கட்சித் தலைவருக்கே தலையில் அடி. தலைவர் கூட்டத்தோடு சேர்ந்து அடி வாங்கினார் என்பது சின்ன நாட்டில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். தொண்டர்களை முன்னால் விட்டுவிட்டு நீங்கள் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவும் போய்ச் சேரும்.

புறக்கணிப்பு என்கிற ஆசை

இங்கேதான் நான் ராம்கலாவனோடு ஒத்துப்போகவில்லை. வானொலிச் சட்டத்தைக் கண்டித்து அவர் கட்சி சட்டமன்றக் கூட்டங்களைப் புறக்கணித்தது. ரெனேக்குப் பிறகு அதே கட்சியிலிருந்து அதிபரான ஜேம்ஸ் மிஷெல் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டு 2007-இல் முன்கூட்டியே தேர்தல் வைத்தார். முடிவு ஆளும் கட்சிக்கு 23 இடம், எதிர்க்கட்சிக்கு 11, முன்பு இருந்த அதே எண்ணிக்கை. 2011-இல், தேர்தல் சீர்திருத்தம் வரவில்லை என்று சட்டமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள். ஆளும் கட்சி கிட்டத்தட்ட மொத்த இடத்தையும் அள்ளிக்கொண்டது. பதின்மூன்று வருஷம் வைத்திருந்த எதிர்க்கட்சித் தலைவர் பதவி, சட்டமன்ற மேடை, சம்பளம், எல்லாம் ஒரே நாளில் போயிற்று.

தேர்தல் நியாயமாக இல்லை என்ற அவர்கள் புகாரில் நியாயம் இருந்தது. செல்லாத ஓட்டுகள் குவிந்ததும் மக்களுடைய கோபத்தைக் காட்டியது. ஆனால் பயந்துபோயிருக்கிற வாக்காளருக்கு அந்த அவையில் தன் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே தைரியம். வேலை போனால், வீடு பறிபோனால் யாரிடம் போய்ச் சொல்வது? அவையில் எழுந்து கேட்க ஒருவர் வேண்டுமே. அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதற்கு முன் நூறு முறை யோசியுங்கள்.

193 ஓட்டு

2015 தேர்தலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், இந்தக் குறிப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டிசம்பர் முதல் வாரத்தில் முதல் சுற்று: மிஷெல் 47.76 சதவீதம், ராம்கலாவன் 35.33, பேட்ரிக் பிள்ளை 14.19. நாட்டில் முதல் முறையாக அதிபர் தேர்தல் இரண்டாம் சுற்றுக்குப் போனது. இந்தப் பிள்ளை முன்பு ஆளும் கட்சியில் வெளியுறவு அமைச்சராக இருந்து வெளியே வந்தவர். (குடும்பப் பெயர் நமக்குத் தெரிந்த பெயர்தான். சீஷெல்ஸில் தமிழ் வணிகக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன, விக்டோரியா நகரத்தில் நவசக்தி விநாயகர் கோயிலும் உண்டு.)

பிள்ளை ராம்கலாவனை ஆதரித்தார். இருவரின் முதல் சுற்று ஓட்டையும் கூட்டினால் 49.52 வரும். இரண்டாம் சுற்றில் ராம்கலாவனுக்குக் கிடைத்தது 49.85. மிஷெலுக்கு 50.15. வித்தியாசம் 193 ஓட்டு.

சிதறாமல் ஓட்டு மாறிவந்ததைப் பாருங்கள். ஆளும் கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது எதிர்க்கட்சிக்காரர்களுடைய பழைய வியாதி, நேற்றுவரை அங்கே சாப்பிட்டவன்தானே என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்து முன்னாள் அமைச்சரே தைரியமாக இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்பதைப் பார்க்கிற குமாஸ்தாவுக்கு, டிரைவருக்கு, ஆசிரியைக்குப் பாதிப் பயம் போய்விடும். உங்கள் பத்துக் கூட்டம் செய்ய முடியாத வேலையை அவர் ஒருவர் வந்து நிற்பது செய்யும்.

இன்னொன்று, 193 ஓட்டு என்பது கொஞ்சம் நெருக்கினால் மூன்று பஸ் கூட்டம், அவ்வளவுதான். அங்கே ஓட்டுப்பதிவு பல நாள் நடக்கும், தூரத்துத் தீவுகளில் வேலை செய்பவர்கள் முதலில் போடுவார்கள். மாஹே, பிராலின், லா டிக் ஆகிய மூன்று தீவுகளிலும்தான் கிட்டத்தட்ட எல்லா வாக்காளர்களும் இருக்கிறார்கள் என்றாலும் அந்தத் தூரத்துத் தீவுக்கும் உங்கள் முகவர் போயாக வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் வாக்காளர் பட்டியலை வீட்டுக்கு வீடு சரிபார்த்த ஓர் ஆள், எண்ணும்போது தூங்காமல் நிற்கிற இன்னோர் ஆள், அவர்கள் கையில் எண்ணிக்கைத் தாளின் நகல். இதற்கு இரண்டு வருஷம் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும்.

தோற்ற மறுநாள்

அவ்வளவு நெருங்கித் தோற்றால் ஆட்களைத் தெருவுக்கு இழுத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் ராம்கலாவன் நீதிமன்றம் போனார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை, முடிவு நின்றது. ஆனால் வழக்கு நடந்த மாதங்களில் கட்சிக்காரர்கள் கையில் ஒரு வேலை இருந்தது, வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. அதற்குள் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்த முறை புறக்கணிப்பு கிடையாது. பிள்ளையின் கட்சி உட்பட எதிரணி எல்லாம் சேர்ந்து லின்யோன் டெமோக்ராட்டிக் செசெல்வா என்ற ஒரே குடையின் கீழ் நின்றார்கள். 2016 செப்டம்பரில் 33-இல் 19 இடம் அவர்களுக்கு. மிஷெல் பதவி விலக, துணை அதிபர் டேனி ஃபோர் அதிபரானார்.

அதிபர் ஒரு கட்சி, சட்டமன்றம் இன்னொரு கட்சி. ராம்கலாவன் மறுபடி எதிர்க்கட்சித் தலைவர், ஆனால் பெரும்பான்மை அவரிடம். இந்த நான்கு வருஷத்தை அவர்கள் பயன்படுத்திய விதம்தான் 2020 வெற்றிக்கு அடித்தளம் என்பது என் கணிப்பு. அசம்ப்ஷன் தீவில் இந்தியா கடற்படை வசதி கட்டுவதற்கான ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம் என்று 2018-இல் சொன்னார், அது அப்படியே நின்றுவிட்டது. 1977-க்குப் பிறகு நடந்த கொடுமைகளைக் கேட்க உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்று சட்டமாகி வந்தது. பட்ஜெட்டை முடக்கி நாட்டை ஸ்தம்பிக்க வைக்கவில்லை. இவர்கள் கையில் அதிகாரம் வந்தால் வானம் இடிந்து விழாது என்று மக்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள். ஆகவே அரை அதிகாரம் கிடைத்தால் அதை ஒத்திகையாக நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

பழிவாங்கமாட்டோம் என்று அரசு ஊழியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம் என்று மிரட்டுகிற தொண்டரை மேடையிலேயே கண்டியுங்கள். 2020-இல் முடிவு அறிவித்தபோது ஃபோரும் ராம்கலாவனும் ஒரே இடத்தில் பக்கத்தில் இருந்தார்கள், தோற்றவர் நண்பர்தான் என்று ஜெயித்தவர் சொன்னார். நாளைக்குக் காலையில் அதே சந்தையில் இரண்டு பேரும் மீன் வாங்கப் போகிற நாட்டில் இது வெறும் மரியாதைக்காகச் செய்வது கிடையாது.

ஜெயித்த பிறகும் இந்தக் குறிப்பு தேவைப்படும்

இப்போது மறுபக்கம் பாருங்கள். 2020-இல் தோற்ற பழைய ஆளும் கட்சி, 35 இடமுள்ள சட்டமன்றத்தில் பத்து இடத்தோடு எதிர்க்கட்சியானது. அதன் தலைவர் பேட்ரிக் ஹெர்மினி, முன்னாள் சபாநாயகர். 2023-இல் அவரைச் சூனியம் தொடர்பான குற்றச்சாட்டில் கைது செய்தார்கள், மறுவருஷம் வழக்கைக் கைவிட்டார்கள். ராம்கலாவன் ஆட்சிக்கு இது நல்ல பெயர் தரவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது தன்மேல் விழுந்த அடியை மறக்காத ஒருவரின் ஆட்சியில் இப்படி நடந்திருக்கக் கூடாது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்புறம் அதே அசம்ப்ஷன் தீவு. அங்கே கத்தார் நிறுவனம் ஒன்று ஹோட்டல் கட்ட ராம்கலாவன் அரசு நீண்ட காலக் குத்தகை கொடுத்தது 2025 தேர்தலில் பெரிய பேச்சானது. 2018-இல் நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கேட்ட கேள்வி, இப்போது அவரை நோக்கித் திரும்பியது. போதைப் பொருள் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் சுற்றில் ஹெர்மினி 52.7 சதவீதம், ராம்கலாவன் 47.3. எதிர்க்கட்சியில் இருக்கும்போது நீங்கள் பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆட்சிக்கு வந்ததும் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கட்டாயம் எடுத்துப் பார்ப்பார்.

தோற்றால் அன்றைக்கே வாழ்த்துச் சொல்லிவிடுங்கள், ராம்கலாவன் சொன்னார். அடுத்த வாரமே தொகுதி வாரியாக ஓட்டு எங்கே குறைந்தது என்று உட்கார்ந்து பாருங்கள், பாதி வேலை ஏற்கெனவே தெரிந்த முகங்களோடுதான். தங்கள் வேலை போய்விடுமோ என்று இப்போது உங்கள் பக்கத்து ஆட்களில் யார் பயப்படுகிறார்களோ, முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.